தாஆலிலிருந்து பெருமுக்கல் வரை

கெங்கம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வாசலைக் கழுவி, வாசற்படியில் விளக்கேற்றி, விளக்குக்குப் பக்கத்தில் செல்போனை நிலையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. செத்துப்போன பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிறவள் சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டா அழைப்பாள்?

"செல்போனு வழியா எவன்டி வருவான்? ஊரு கேட்டா சிரிக்கும்" என்றார் அவள் புருஷன் நடராசன். தோளில் களைக்கொட்டு இருந்தது.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீங்க போங்க."

"போறேன். எனக்கு மல்லாட்டைக்குக் களை கொத்தணும். உனக்குத்தான் வேற வேலை இல்ல."

சொல்லிவிட்டு அந்த மனுஷன் நிற்காமல் போய்விட்டார். போகட்டும். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரண்டு ஊர்க்காரர்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் செய்யப் போகிற காரியம் அந்தப் பக்கத்தில் ஒன்றும் புதிதில்லை. ரோட்டில் அடிபட்டுச் செத்தவனின் உடம்பை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். உயிரை யார் கொண்டுவருவது? அது அடிபட்ட இடத்திலேயே, எல்லாரும் நம்மை விட்டுவிட்டு எங்கே போனார்கள் என்று திகைத்துப்போய் நிற்குமாம். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் கெங்கம்மாளின் தம்பி கோபி லாரியில் அடிபட்டபோது, மூன்றாம் நாள் அவள்தான் மஞ்சள் துணியோடு போனாள். அடிபட்ட இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து முடிந்துகொள்ள வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். அழக் கூடாது. அப்புறம் வழி நெடுக வாய்விட்டு வழியைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ரோடு தாண்டுறோம், வா. ஏரிக்கரை வருது, வா. மாரியாத்தா கோயிலாண்ட திரும்புறோம், வா.

ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் பின்னால் வருகிற உயிர், சரி, நம்மை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று நின்றுவிடும். அப்புறம் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வராது.

கோபியை அவள் அப்படித்தான் கூட்டிவந்தாள். அன்று ராத்திரியே கனவில் வந்து, "பசிக்குதுக்கா" என்றான். படையல் போட்டார்கள். அதோடு அவன் அடங்கிவிட்டான்.

பெற்ற பிள்ளைக்கு அதைச் செய்ய முடியவில்லையே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை செத்தது கூட்டேரிப்பட்டிலா, ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வர? கடல் கடந்து பிலிப்பைன்ஸில்.

வல்லரசு ஒரே பிள்ளை. டாக்டருக்குப் படிக்க மணிலாவுக்குப் போனான். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை மணிலா என்றுதான் போர்டில் எழுதுவார்கள். அந்தப் பயிரே அந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று யாரோ படித்தவர் சொல்லக் கேட்டு, "மணிலாவ வித்து மணிலாவுக்கு அனுப்புறேன்டா" என்று நடராசன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். போன ஆவணியில் பிள்ளை பெட்டியில் திரும்பி வந்தான். ஆணி அடித்த பெட்டிக்குள் வந்தவன் வழியில் எதைப் பார்த்திருப்பான்? அவனுக்கு எப்படி வழி தெரியும்?

அதனால்தான் கனவில்கூட வரவில்லை என்று கெங்கம்மாள் நம்பினாள். எதிரி வீட்டுக் கிழவன்கூட செத்த பிறகு இவள் கனவில் வந்து வெற்றிலை கேட்கிறான். பெற்ற பிள்ளை வரவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அழைத்துவிட வேண்டும், திரும்பிவிட்டால் அந்த ஊர் மண்ணுக்கே சொந்தமாகிவிடுவான் என்று பூசாரி அப்பாதுரை சொல்லியிருந்தார். வருஷம் திரும்ப இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

இன்னொரு முள்ளும் உள்ளே இருந்தது. அவன் அடிபட்டுச் செத்த ஊருக்கு அவனைப் போகச் சொன்னதே அவள்தான். அடிபட்டதற்கு முந்தின நாள் போனில் பிள்ளையின் முகம் வாடிக் கிடந்தது. "எந்நேரமும் புஸ்தகத்த கட்டிக்கினு அழாதடா. எங்கனா போயி நாலு எடம் சுத்திப் பாத்துட்டு வாயேன்" என்றாள். அவன் சிரித்தான். "சரிம்மா. தாஆல்னு ஒரு ஊரு இருக்குது. பழைய பழைய வூடுங்களா இருக்கும். நாளைக்குப் போறேன்" என்றான். தால் என்று ஒரே மூச்சில் சொல்லக் கூடாதாம், நடுவில் கொஞ்சம் இழுக்க வேண்டுமாம். இழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவன் அந்த ஊரிலேயே போய்ச் சேர்ந்தான்.

பெட்டி வந்த அன்றைக்கு நடராசன் தலையில் அடித்துக்கொண்டு, "நீதான்டி போவச் சொன்னே, நீதான்டி போவச் சொன்னே" என்று கத்தினார். அந்த ஒரு நாள்தான். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவள் காதில்தான் அது தினமும் கேட்டது.

போன் அடித்தது. வல்லரசுவோடு ஒரே அறையில் இருந்த கோகுலகிருஷ்ணன். விழுப்புரத்துப் பையன். மறுநாள் லீவுக்கு ஊருக்கு விமானம் ஏறுகிறான். தங்கமான பிள்ளை. இவள் கேட்டதுமே, "நான் போயி எடுத்தாறேம்மா" என்றவன். அவன் அம்மா கொடுத்துவிட்ட சாமித் துணி ஒன்று மஞ்சளில் அவனிடமே இருந்தது.

"அம்மா, தெரியுதா?"

"தெரியுது தம்பி. எதனா சாப்ட்டியா?"

"நீங்கதான் சாப்புடக் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா."

"ஆமா, ஆமா. மறந்துட்டேன் பாரு."

போனில் ஒரு பெரிய மாதா கோயில் தெரிந்தது. அடேயப்பா, கோயிலா அது! மயிலம் கோயிலை மதிலோடு தூக்கி உள்ளே வைத்துவிடலாம் போல அகலமாக இருந்தது. கல்தூண்களில் மழைக்கறை வழிந்து கறுத்திருந்தது. முன்னால் அகல அகலமாகப் படிகள். எப்போதோ வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியதாம், பூகம்பத்தில் இடிந்து மறுபடி கட்டியதாம். கோகுல் சொல்லிக்கொண்டே போனான்.

கோயிலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். குள்ளமாக, வட்ட முகமாக, இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும். இவளைப் போனில் பார்த்ததும் குனிந்து தலையாட்டினாள்.

"யாரு தம்பி அது?"

"இந்த ஊருப் பொண்ணும்மா. மரிசெல்னு பேரு. எனக்கு எடம் தெரியாதில்ல. அதுதான் காட்டறேன்னு வந்திருக்குது. அன்னிக்கு… அன்னிக்கு அது பக்கத்துலதான் இருந்துச்சு."

யார் பெற்ற பெண்ணோ, ஒத்தாசைக்கு வந்திருக்கிறது, நல்லா இருக்கட்டும் என்று கெங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று பேருமாக நடந்தார்கள். இரண்டு பேர் அங்கே, ஒருத்தி இங்கே வாசற்படியில். தெருவின் இரண்டு பக்கமும் பழைய வீடுகள். கீழே கல், மேலே மரம். மாடி முழுக்க ஜன்னல். ஜன்னலில் கட்டம் கட்டமாக வெள்ளையாக என்னவோ பதித்திருந்தது.

"இன்னா தம்பி அது, கண்ணாடியா?"

"கண்ணாடி இல்லம்மா, கடல் சிப்பியாம். மெல்லிசா தட்டி வெச்சிருக்காங்க. வெயிலு உள்ள வராது, வெளிச்சம் மட்டும் பாலாட்டம் எறங்குமாம்."

அப்பேர்ப்பட்ட ஜன்னலை அவள் பார்த்ததே இல்லை. வேறு நாளாக இருந்தால் அழகாக இருக்கிறதே என்று வாயைத் திறந்து சொல்லியிருப்பாள். அன்றைக்கு அந்த அழகு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்தச் சிப்பியைப் பார்க்கத்தானே என் பிள்ளை வந்தான் என்று நினைத்தாள்.

ஒரு சந்து வந்து தெருவில் சேருகிற முனையில் மரிசெல் நின்றாள். சுவரோரத்தைக் கையால் காட்டினாள். இங்கேதான், மழையில், சந்திலிருந்து திரும்பிய லாரி ஒன்று அவன் ஏறியிருந்த மூன்று சக்கர வண்டியை இந்தச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டது.

தெரு முழுக்க சிமெண்ட். மண்ணையே காணோம். ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்திலா சாமி என் பிள்ளை கிடந்தான்? கோகுல் குந்திக்கொண்டு சுவரின் காலடியில் தேடினான். சுவருக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மண் இருந்தது.

"எடுக்கறேம்மா. மண்ணோட மெழுகு ஒட்டிக்கினு வருது."

"மெழுகா? ஏது?"

"மெழுகுவத்திம்மா. நெறைய ஏத்தியிருக்காங்க."

யார் ஏற்றினது என்று அவள் கேட்கவில்லை. கிறிஸ்தவ ஊர், அடிபட்ட இடத்தில் யாராவது ஏற்றுவார்கள் என்று விட்டுவிட்டாள். மண் மஞ்சள் துணியில் ஏறியது. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தொண்டையைச் சரி செய்துகொண்டாள். அழக் கூடாது, அழுதால் அந்தக் கண்ணீரிலேயே அவன் கால் வழுக்கும்.

"கருவாயா, அம்மா வந்திருக்கேன்டா. ஊட்டுக்குப் போலாம், வா."

வீட்டில் அவனுக்கு அதுதான் பேர். பிறந்தபோது அட்டைக் கரியாக இருந்தான் என்று அவள் வைத்த பேர். அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். அப்பனையே கூப்பிட விடமாட்டான்.

"கருவாயா, வாடா." இரண்டாம் தரம்.

மூன்றாம் தரம் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் போனில் வேறொரு குரல் கேட்டது. மெதுவாக, நாக்கு புரளாமல், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

"கருவாயா."

கெங்கம்மாளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் தரத்தை எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லி முடித்துவிட்டு, "தம்பி, நட" என்றாள். "இனிமே திரும்பாத. போனையும் முன்னாடியே காட்டு. அந்தப் பொண்ண பின்னாடியே வரச் சொல்லு, வழியில இன்னா இன்னா இருக்குதுன்னு சொல்லச் சொல்லு. எனக்கு அந்த ஊரு தெரியாது. நான் சொன்னாத்தான் அவன் வருவான்."

அப்படித்தான் அந்த நடை தொடங்கியது. முன்னால் மண் முடிச்சோடு கோகுல். பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டுமாக அந்தப் பெண். அவள் இங்கிலீஷில் சொல்லுவாள், கோகுல் தமிழில் சொல்லுவான், கெங்கம்மாள் அதைப் பிள்ளைக்குச் சொல்லுவாள்.

"சிப்பி ஜன்னலு வூடு வருது கருவாயா, வா."

"கீழ குதிரை வண்டி நிறுத்தற வூடாம். தாண்டிட்டோம், வா."

"ஜன்னலுக்குக் கீழ இன்னொரு குட்டி ஜன்னலாம்டா, காத்துக்கு. அங்க நின்னுடாத, வா."

ஒரு வீட்டின் முன்னால் பெரிய மரக்கதவு. வண்டியே நுழைகிற அளவு. அந்தக் கதவுக்குள்ளேயே ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு வெட்டியிருந்தது.

"பெரிய கதவுக்குள்ள சின்னக் கதவு. தலையக் குனிஞ்சிக்கடா, நீ நெட்டையன், இடிச்சிக்குவே."

கோகுல் பழக்கதோஷத்தில் இதையும் அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டான். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. என்னவோ சொன்னாள்.

"இன்னாவாம்?"

கோகுல் தயங்கினான். "ஒண்ணும் இல்லம்மா."

"சொல்லுடா தம்பி."

"அவன் அந்தக் கதவுல இடிச்சிக்குவானாம்மா. ஒவ்வொரு சனிக்கிழமையும் இடிச்சிக்குவானாம். இது சிரிக்கணும்னே இடிச்சிக்குவானோன்னு சந்தேகமாம்."

"ஒவ்வொரு சனிக்கிழமையுமா? அவன் ஒரு தரம்தானே போனான்? நான் சொல்லித்தானே போனான்?"

கோகுல் நடந்துகொண்டே இருந்தான்.

"நீங்க சொல்லிப் போவலம்மா. அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவே போய்க்கினுதான் இருந்தான். வர்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்து உங்ககிட்டயும் அப்பாகிட்டயும் நேர்ல சொல்லிக்கறேன்னான். நாங்கதான் வாயத் தொறக்கல. அவன் போனப்பறம் இத எப்பிடிம்மா சொல்றது?"

கெங்கம்மாளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்தது போலிருந்தது. நான் அனுப்பவில்லை. நான் கொல்லவில்லை. ஒரு வருஷமாகத் தூங்கவிடாத அந்தச் சொல் பொய். அடுத்த நிமிஷமே வேறு வலி வந்து உட்கார்ந்தது. அடப்பாவி, பெத்தவகிட்ட சொல்லலையேடா! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? போகச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அம்மா, வழி சொல்லாம இருக்கீங்க" என்றான் கோகுல்.

"ஐயோ, ஆமாம். கருவாயா, சின்னக் கதவைத் தாண்டிட்டோம். வாடா… வா."

தெரு திரும்பியது. ஒரு கடை வந்தது. வாசலில் தட்டுத் தட்டாக வட்டமாக, பழுப்பாக ஏதோ அடுக்கி வைத்திருந்தது. கெங்கம்மாள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். வெல்லப்பாகில் மல்லாட்டை. தோல்கூட எடுக்காத மல்லாட்டை.

"அங்கயும் மல்லாட்டை விக்கறாங்களா?"

"இதுங்க வூட்டுக் கடைதாம்மா. இங்கதான் மொதல்ல பழக்கமாச்சாம். பழைய வூடுங்கள பாத்துக்கினு வந்தவன் இந்த வாசனைக்கு நின்னுட்டானாம். எங்கம்மா வெளைய வைக்கற பயிரு இதுன்னானாம். மல்லாட்டைன்னு சொல்லவும் கத்துக் குடுத்திருக்கான்."

"மல்-லாட்-டை" என்றது பின்னாலிருந்த குரல்.

அழக் கூடாது என்று விதி இருக்கிறதே. கெங்கம்மாள் புறங்கையைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இப்போது கேட்காமலே பேசத் தொடங்கிவிட்டாள். கோகுலுக்கும் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. அவன் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் இன்னும் சனிக்கிழமை தவறாமல் அந்தச் சுவரோரத்துக்குப் போகிறாளாம். மெழுகுவத்தி அவள் ஏற்றியதுதானாம். அந்த வாரத்தில் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லுவாளாம். கடையில் என்ன விற்றது, யார் என்ன பேசினார்கள் என்று எல்லாம். அவள் வீட்டில் இது யாருக்கும் பிடிக்கவில்லையாம். கல்யாணமா காட்சியா, எவனோ ஒரு வெளிநாட்டுப் பையனுக்காக நீ ஏன் கறுப்பு உடுத்துகிறாய் என்று திட்டுகிறார்களாம்.

"கடை தாண்டுறோம் கருவாயா, வா" என்றாள் கெங்கம்மாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மறுபடி மாதா கோயில் வந்தது. படியைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் வண்டி நிற்கிற இடம். அங்கே கோகுல் வண்டி ஏறி மணிலாவுக்குப் போய்விடுவான். மறுநாள் விமானம். கடலைத் தாண்டும்போது மெதுவாகச் சொல்லு, மீனம்பாக்கம் இறங்கினதும் சொல்லு, அப்புறம் தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், ஒலக்கூர் எல்லாம் அவனே பார்த்த ஊர்தான், திண்டிவனம் வந்ததும் மரக்காணம் ரோட்டில் பெருமுக்கல் மலை தெரிந்ததும் தானாக ஓடிவந்துவிடுவான் என்று அவள் கோகுலுக்கு முந்தின நாளே பாடம் நடத்தி வைத்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் பிள்ளை அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிடுவான்.

பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றது.

"அது இதுக்கு மேல வராதும்மா. கூட வந்தா அவன் வரமாட்டான்னு நான்தான் சொல்லி வெச்சேன்" என்றான் கோகுல்.

நடந்தான். ஒரு எட்டு. இரண்டு எட்டு.

"போய்ட்டு வா, கருவாயா" என்றாள் அவள், பின்னாலிருந்து. தமிழில்.

அவனிடமிருந்து கற்றுக்கொண்டதாக இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தில் அவனை வண்டியேற்றிவிட்டு அப்படித்தான் சொல்லியிருப்பாள். செத்தவனை அனுப்பும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கெங்கம்மாள் வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை செத்தபோது ஊரே வந்து ஒப்பாரி வைத்தது. விழுப்புரத்திலிருந்தும் வானூரிலிருந்தும் வண்டி வைத்துக்கொண்டு வந்து மாரடித்தார்கள். வீடு முழுக்க அவன் துணிமணி இருக்கிறது, மாலை போட்ட படம் இருக்கிறது, அப்பன் இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு யார் ஒப்பாரி வைத்தார்கள்? தாலி இல்லை, பேர் இல்லை, அழ உரிமை இல்லை. இருந்தது ஒரு உள்ளங்கை மண். அதையும் இவள் சுரண்டி முடிந்துகொண்டாயிற்று. இனி சனிக்கிழமை வந்தால் அவள் எந்தச் சுவரிடம் போய்ப் பேசுவாள்?

இவள் கனவுக்கு அவன் ஒரு வருஷமாக ஏன் வரவில்லை என்பதும் அப்போது புரிந்துபோயிற்று. வழி தெரியாமல் நிற்கவில்லை அவன்.

"தம்பி, போனத் திருப்பு."

"அம்மா?"

"பின்னாடி திருப்புடா."

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? பாத்தா அவன் வரமாட்டான்னு—"

"தெரியும். திருப்பு."

போன் திரும்பியது. கல்தூண், படி, ஈரமான தெரு, கடைசியில் அவள். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு மழைத் தூறலில் நின்றிருந்தாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தாள். போன் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயந்து கையை ஆட்டினாள், திரும்பாதே, திரும்பாதே என்று.

கெங்கம்மாள் அவளை நன்றாகப் பார்த்தாள். கண் நிறையப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னாள்.

"கருவாயா, நீ இங்கயே இருடா. அம்மா ஒண்ணும் நெனச்சிக்கல."

போனை அணைத்தாள். இப்போது அழலாம், இனி யார் கால் வழுக்கப் போகிறது? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துக் கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். களை கொத்தப் போன மனுஷன் வயலுக்குப் போகவே இல்லை. கிணற்றடியில் வல்லரசுவின் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஒரு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் தூசி படிந்து கிடந்த கட்டில். கழுவி முடித்து வெயிலில் சாய்த்திருந்தார், தொய்ந்த கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார். வேட்டியெல்லாம் ஈரம்.

அவளைப் பார்த்ததும் திருடன் அகப்பட்டதுபோல விழித்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கான்?" என்று கேட்டார்.

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். கட்டிலின் காலைத் துணியால் துடைத்தார். "அந்தப் பையன் திண்டிவனம் வந்து எறங்கும்போது நான் போயி நிக்கறேன். இப்ப பஸ்ஸையெல்லாம் எடம் மாத்தி நிறுத்தறானுங்க. இவன் பழைய எடத்துலயே போயி நின்னுக்கினு இருப்பான். பேஜாரு."

அவள் கட்டிலின் ஈரக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன்னிய ஒரு வார்த்தை சொல்லிட்டேன்டி" என்றார், அவள் பக்கம் பார்க்காமல். "நீதான் அனுப்புனேன்னு. அது எனக்கு நெஞ்சுலயே நிக்குது. அவன் வரட்டும். அவனாண்டயே கேட்டுடலாம், அம்மா சொல்லித்தான் போனியாடான்னு. கனாவுல வந்து சொல்லிட்டுப் போவட்டும். எனக்கும் ஒரு நிம்மதி."

இல்லீங்க, நான் அனுப்பல என்று சொல்ல ஒரே ஒரு மூச்சு போதும். சொன்னால் அந்தப் பெண்ணைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைச் சொன்னால் திரும்பிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்லுவாள்?

"கெளம்பிட்டானா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

"கெளம்பிட்டான்" என்றாள் கெங்கம்மாள்.

"மெதுவா வரட்டும். வழியில எதனா பழைய கட்டடத்தப் பாத்தா நின்னுடுவான். சின்னப் புள்ளையிலேர்ந்தே அவன் அப்பிடித்தான்." துணியைப் பிழிந்து உதறினார். "ஆமா, வாசல்ல வெளக்கு எரியுதில்ல? அணைஞ்சிடப் போவுது, போயி பாரு."

அவள் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து விளக்கில் ஊற்றினாள்.